இருபது பேரின் கருத்து

"தன்னைத் தானே புகழ்ந்துக்கற கேவலம் மட்டும் எனக்கு ஏழு பிறவிக்கும் வராது" என்றார் வாத்தியார். அவர் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கி அப்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

கதை எழுதுவது எப்படி என்பது பாடம். எதிரே இருபது மாணவர்கள்; அவர்களில் விழித்திருந்தவர்கள் எட்டுப் பேர். வாத்தியார் பத்து வருடம் காமிக்ஸ் பத்திரிகையில் உதவி ஆசிரியர், பிறகு ஏழு நாவல்கள், இப்போது இந்தக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். இதில் அவர் பேச்சு இன்னும் காமிக்ஸையே தாண்டவில்லை.

"எங்க முதலாளி இருக்காரே, வாசகர் கடிதம் பூரா அவரே எழுதுவார். வலது கையில ரிட்டையர்டு நீதிபதி, இடது கையில அஞ்சாங்கிளாஸ் பாப்பா! பக்கத்துல உட்கார்ந்து பார்க்கற எனக்கு உடம்பெல்லாம் கூசும்."

"யாரும் கண்டுபிடிக்கலையா சார்?" என்றாள் முதல் பெஞ்சிலிருந்த கிளாஸ் லீடர்.

"எப்படிம்மா கண்டுபிடிப்பாங்க? நடுவுல ஒரு லெட்டர்ல தன்னையே திட்டியும் எழுதிக்குவார். மகா எத்தன்! நாலு பேர் பாராட்டலைன்னா செத்தா போயிடுவோம்?"

கடைசி பெஞ்சில் ஒருவன் குறட்டை விட்டு இதை ஆமோதித்தான்.

உண்மையில் வாத்தியார், நாலு பேர் பாராட்டாவிட்டால் செத்துப்போகும் நிலையில்தான் இருந்தார். வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை மாணவர்களின் கருத்துப் படிவங்களைப் பார்த்து வெள்ளிக்கிழமை முடிவு செய்யப்போகிறார்கள். "இதுவும் போச்சுன்னா நாலாவதா என்ன பண்றதா உத்தேசம்?" என்று மனைவி காலையில் அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். சட்டை அவர் உடம்பில் இருந்தது, ஊசி அவள் கையில் இருந்தது. அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் ஆபீசுக்குப் போய், இருபது வெற்றுப் படிவங்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. துறைத் தலைவி மேசையில் கருத்துப் படிவங்கள் இருந்த உறையைப் பிரித்தார். வாத்தியார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"'இவர் வகுப்பில் நேரம் போவதே தெரியவில்லை.'" துறைத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நிஜமாவா சார்?"

"ஏதோ பசங்க பாசத்துல..." என்று வாத்தியார் நெளிந்தார்.

"'இவர் எங்களுக்குக் கிடைத்த வரம்.' இது நம்ம பசங்களா? போன வருஷம் என்னைப் பத்தி எழுதச் சொன்னா, ஃபேன் ஓடலைன்னு எழுதினவங்க சார்!"

பத்தொன்பதாவது படிவத்துக்கு வரும்போது துறைத் தலைவியின் புருவம் தலைமுடியைத் தொட்டிருந்தது. இருபதாவதைப் படித்ததும் இறங்கியது.

"'எப்போது பார்த்தாலும் சொந்தப் பெருமை. கழுத்தறுப்பு.' ஆங், இது நம்ம பசங்கதான்!"

"யார் மேடம் அது?" வாத்தியார் எழுந்தேவிட்டார். "அவனுக்கு நான் என்ன குறை வெச்சேன்? பேரைச் சொல்லுங்க மேடம்!"

"பேர் எழுத மாட்டாங்க சார். பத்தொன்பது பேர் கொண்டாடறாங்க, ஒருத்தனுக்காகப் போய்... பெரிய மனசு பண்ணுங்க."

அப்படியும் வாத்தியாருக்கு முகம் தெளியவில்லை. துறைத் தலைவி பணி நிரந்தர ஆணையில் கையெழுத்திட்டு அவர் பக்கம் நகர்த்தினார். கூடவே ஒரு டம்ளர் தண்ணீரையும் நகர்த்தினார்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு கிளாஸ் லீடர் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், எங்க கிளாசுக்கு மட்டும் இன்னும் ஃபீட்பேக் ஃபார்ம் தரலை!"