இருண்ட திரை

ரெஜினாவின் லேப்டாப் திரை மினுக்கி மினுக்கி ஒருநாள் அணைந்தே போனது. தோழி வீட்டில் சும்மா கிடந்த மானிட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, லேப்டாப்போடு இணைத்தாள். அதன்பிறகு அவள் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

"எனக்கு அவங்க காது மட்டுந்தான் தெரியுது. என்னை ஏன் இன்னும் மூடி வைக்கல?" என்றது இருண்ட திரை.

"உன் நெத்தியிலதானே தம்பி கேமரா இருக்கு. எனக்கு அது இல்லையே" என்றது மானிட்டர்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஷீபா வீடியோவில் கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் உடைந்தது.

"எங்கேயோ பாத்துப் பேசுறீங்களேம்மா. என்னைப் பாருங்களேன்."

ரெஜினா கேமரா எங்கே இருக்கிறது என்று தேடினாள். பிறகு மானிட்டரை விட்டுவிட்டு, இருண்ட திரைக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப உன்னைப் பாக்குறேனாடி?"

"ஆமாம்மா."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகம் முழுதாக இருண்ட திரையின் முன் வந்தது. அதில் ரெஜினாவுக்குத் தெரிந்ததோ அவளுடைய நிழல்தான். ஆனாலும் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்திலிருந்து மானிட்டர் மெல்லக் கூப்பிட்டது.

"தம்பி, பொண்ணு சிரிக்குது. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"