மான் மேயாத வயல்

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஐயாவு வேலியில் அரிவாளை வைத்தார். பழைய மீன்வலையால் கட்டிய வேலி. இரண்டே இழுப்பில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அறுந்து தொங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் காய்க்கத் தொடங்கியிருந்த காராமணி. அவருடைய சொந்தக் காராமணி.

"வாங்கடா, வந்து வயிறு முட்டத் தின்னுங்க" என்று காட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தில்லியிலிருந்து தீவுக்கு வந்திருக்கும் எம்.பி.க்கள் குழு மறுநாள் ஊருக்கு வருகிறது. மான் அழிக்கும் பயிருக்கு நஷ்டஈடு தர ஒரு சட்டம் வேண்டும் என்று விவசாயிகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மான் மேல் கை வைக்கக் கூடாது, சரி. ஆனால் மேய்ந்துவிட்டுப் போன வயலுக்கு யார் பொறுப்பு?

விவசாயிகள் சங்கத் தலைவர் ஈஸ்வரன் கூட்டத்தில் சொல்லியிருந்தார். "டவுன்ல, மின்னி பே கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருக்காங்க. இங்க ஒரே ஒரு வயலைப் பார்த்துட்டு நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிடுவாங்க. எந்த வயல்ல புதுசா மேஞ்சிருக்குன்னு காலையில பார்த்து முடிவு பண்ணலாம். அந்த வயல்காரர்தான் பேசணும்."

"முத்துவீரன் வயலா இருந்தா நல்லது. அவன் ஹிந்தி தண்ணி மாதிரி ஓடும்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டல்தான் ஐயாவுக்குத் தாங்கவில்லை. சங்கத்தில் மான் தொல்லையைப் பற்றி முதன்முதலில் வாய் திறந்தவர் அவர். ஆனால் ஆபீசர் வந்தாலும் டி.வி.க்காரர்கள் வந்தாலும் பக்கத்து வயல் முத்துவீரன் தோளில்தான் கை போடுகிறார்கள். முருகன் கோயிலில் விபூதி கொடுக்கும் பூசாரிகூட அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

முத்துவீரன் விடிய விடியப் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுகிறவன். அவன் வயலை மான் நெருங்காது. இன்று ராத்திரி மான் வருவதென்றால் ஐயாவு வயலுக்குத்தான் வரும். நாளை பேசப்போவதும் ஐயாவுதான்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். காராமணி ஓர் இலைகூடக் குறையாமல் தளதளவென்று நின்றது.

அறுந்த வலைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் மட்டை புகைந்துகொண்டிருந்தது. மனைவி அமிர்தவல்லி கொசுவுக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்தவர், எரிச்சலில் அதைக் காலால் எத்தினார். அழைத்தால் மான்கூட நம் வாசலுக்கு வராது போலிருக்கிறது!

அதற்குள் ஈஸ்வரனின் பைக் வந்து நின்றது.

"அண்ணே, விஷயம் தெரியுமா? முத்துவீரன் வயல் பூரா காலி! ஒரு செடி மிச்சமில்ல. சலோ சலோ, எல்லாரும் அங்கதான் போறோம்."

"தூங்காத ஆளாச்சேய்யா அவன்? எப்படி மேஞ்சுது?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

ஐயாவுக்கு ஆச்சரியமே இல்லை. தான் போட்ட திட்டத்தைத்தான் அவனும் போட்டிருக்கிறான்.

"பாத்தியாடி நாடகத்தை!" என்று அமிர்தவல்லியிடம் பொருமினார். "பேர் வாங்கணும்னு வேணும்னே மேய விட்டிருக்கான். இவனைத்தான் உத்தமன்னு ஊரே தூக்கி வச்சு ஆடுது."

"அப்படிப் பேசாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளும் கூட நடந்தாள்.

முத்துவீரன் வயலில் வெறும் தண்டுகள்தான் நின்றன. அவன் கண்கள் சிவந்திருந்தன. "அழுது காட்டுறான் பாரு" என்று முணுமுணுத்தார் ஐயாவு.

குழுவில் வந்த பெண் எம்.பி. பரணைப் பார்த்தார், பிறகு முத்துவீரனைப் பார்த்தார். "காவலுக்குப் பரண் கட்டி வைத்திருக்கிறீர்களே, நேற்று ராத்திரி எங்கே போனீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

தண்ணீர் மாதிரி ஓடும் ஹிந்தி அவனுக்கு அப்போது ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"தூங்கிட்டேன், மேடம்."

"நன்றாக இருக்கிறது! தூங்கியவருக்கு நஷ்டஈடு கொடுக்க ஒரு சட்டமா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் காரைப் பார்த்துத் திரும்பியே விட்டார். ஈஸ்வரனின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருடம் கேட்டது இந்த ஒரு பதிலில் போய்விடும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"நல்லா வேணும் அவனுக்கு" என்றார் ஐயாவு, வாய்க்குள்.

அமிர்தவல்லியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுப் போச்சு அந்தப் புள்ள" என்று முத்துவீரனைப் பார்த்தபடி தொடங்கி, விடியற்காலையில் தான் பார்த்ததை அவர் காதோடு சொன்னாள்.

ஐயாவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த எம்.பி. அம்மாவின் முன்னால் கைகூப்பினார். இதுவரை எந்தப் பெரிய மனிதர் முன்னாலும் பேசத் துணியாத தன் உடைந்த ஹிந்தியில் சொன்னார்.

"மேடம், பேர் வாங்கணும்னு என் வேலியை நானே அறுத்துவிட்டவன் நான். ஒரு ஆளால ராத்திரியில ஒரு வயலைத்தான் காக்க முடியும். இவன் புகை போட்டுக் காத்தது என்னோடதை."