மூன்றாம் பெட்டிக் கதவு

“என்னது, எங்க ஸ்டேஷன்ல நிக்காதா?”

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் போட்ட சத்தத்தில், ஸ்டேஷனில் நின்றிருந்த ரயிலின் மூன்றாம் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“வண்டி எட்டு நிமிஷம் லேட் மேடம். கடைசி ஸ்டேஷனுக்கு லேட்டாப் போனா, அரசாங்கம் கம்பெனிக்கு அபராதம் போடும். அதான் நடுவுல சின்ன ஸ்டேஷனையெல்லாம் விட்டுட்டு வரச் சொல்றாங்க,” என்றார் ரயில் கார்டு.

“எங்களை இறக்கி விடாம போனா அபராதம் இல்லையாக்கும்?”

“ஒப்பந்தத்துல அது இல்லை மேடம்.”

“அப்போ ஆளே ஏத்தாம ஓட்டுங்களேன். இன்னும் சீக்கிரமாப் போய்ச் சேரலாம்!” என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்.

அரசாங்கம் இந்த ரயிலை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இருக்கைக்குப் புது உறை வந்தது. கார்டுக்குக் கழுத்தில் டை வந்தது. வண்டிதான் நேரத்துக்கு வந்த பாடில்லை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். குழந்தைகள் காப்பகத்தை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை லேட். ‘இன்னொரு தடவைன்னா பாப்பாவுக்கு வேற இடம் பாத்துக்கம்மா’ என்று காப்பகத்து அம்மாள் நேற்றுத்தான் கறாராகச் சொல்லியிருந்தாள். வேறு இடத்துக்கு எங்கே போவது?

“சார், ரெண்டு வயசுக் குழந்தை சார். நான் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வர ஏழரை ஆயிடும். இடமே போயிடும் சார்!”

“நானா நிறுத்தினா என் வேலை போயிடும் மேடம்.”

சொல்லிவிட்டு, விறுவிறுவென்று தன் அறைக்குள் போனார். திரும்பி வந்தவர், கதவோரம் ஏதோ குனிந்து நிமிர்ந்து, பொத்தானை அழுத்திக் கதவை மூடி, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

‘மனுஷனா இவன்? கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்கிறதைப் பாரு!’ என்று மனசுக்குள் பொருமினாள்.

“புகார்ப் புத்தகத்தைக் கொடுங்க!”

“அது... இப்போ கைவசம் இல்லை மேடம்.”

“இருக்காதே! ஒளிச்சு வெச்சிருப்பீங்க!”

ஒலிபெருக்கி கரகரத்தது. டிரைவரின் குரல்.

“மூணாம் பெட்டிக் கதவு சரியா மூடலைன்னு விளக்கு எரியுது. பாதுகாப்பு விதிப்படி மெதுவாப் போய், அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்திப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.”

“புது கம்பெனி, ஓட்டைக் கதவு!” பெரியவர் பேப்பரை மடித்துத் தொடையில் அடித்தார். “இன்னும் லேட்டா? விளங்கும்!”

பெட்டி முழுக்கக் கார்டைத் திட்டியது. அவர் கதவை விட்டு நகரவில்லை.

அடுத்த ஸ்டேஷன் அவளுடையதுதான்.

வண்டி ஊர்ந்து வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

“ஏதோ உங்க ஓட்டைக் கதவு புண்ணியத்துல தப்பிச்சேன். ஆனா விடமாட்டேன். நாளைக்கு உங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதறேனா இல்லையான்னு பாருங்க!”

கார்டு நகர்ந்து பொத்தானை அழுத்தினார். கதவு விலகியது.

இடுக்கிலிருந்து தடியான நோட்டு ஒன்று அவள் காலடியில் தொப்பென்று விழுந்தது. அட்டையில் கதவு ரப்பரின் கறுப்புத் தடம். அதற்குக் கீழே, ‘பயணிகள் புகார்ப் புத்தகம்’.

கார்டு குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி நீட்டினார்.

“இப்போ இருக்கு மேடம். எழுதறீங்களா, இல்லை... மணி ஆறு இருபது, முதல்ல குழந்தையைக் கூட்டிட்டு வரப் போறீங்களா?”