பன்னிரண்டாம் பாடம்

நடிப்பைத் தானாகவே கற்றுக்கொள்ள உதவும் புத்தகம் ஒன்று ஜோயலின் பையிலிருந்து விழுந்ததும் மனைவி ஷெர்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாங்க, ஹெச்.ஆர். வேலைய வுட்டுட்டு சினிமாவுக்குப் போறீங்களா?"

"மேனேஜர் சார் குடுத்தாரு. படிக்கச் சொன்னாரு."

மேனேஜர் கோடு போட்டிருந்த பன்னிரண்டாம் பாடத்தை நான்கு நாள் கண்ணாடி முன் நின்று பழகினான். எதிராளியின் கையைப் பிடிக்க வேண்டும். தலையைக் குனிய வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு, தணிந்த குரலில் பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரகடம் ஆலையில் காண்ட்ராக்ட் ஆட்கள் முப்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, திங்கள் முதல் வேலை இல்லை என்று சொன்னான். யாரும் சத்தம் போடவில்லை. பதினோரு வருஷம் லைனில் நின்ற கோதண்டம் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"நீ இன்னா சார் பண்ணுவ? எங்களுக்காகக் கண்ணு கலங்கிக்கினு நிக்கிற பாரு, அது போதும்."

மேனேஜர் அறைக்குப் போனான் ஜோயல்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன் சார்."

மேனேஜர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தார். தலையைக் குனிந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான் ஜோயல்.

"உக்காருங்க ஜோயல்" என்றார் அவர், தணிந்த குரலில்.