தனியே வைத்த புள்ளத்தாச்சி

"வயித்துல சுமக்கிறதைப் போய் ஒதுக்கி வெச்சிருக்கியே, உனக்கு மனசே இல்லையா?" மாமியார் பொரிந்து தள்ளினார்.

"மத்ததுக்கும் ஒட்டிக்கும் அத்தை."

"பிரசவம் என்ன ஒட்டுவாரொட்டியா?" கணவனும் ஒத்து ஊதினான்.

மருமகள் வாளிக்குள் கைவிட்டு, நண்டைத் தூக்கித் திருப்பினாள். வயிற்றில் மஞ்சளாய் ஒரு பை.

"முட்டைன்னா மணிமணியா இருக்கும். இது வழவழன்னு இருக்கு, ஒட்டுண்ணி! இது புகுந்தா ஆணும் தாய் மாதிரி சுமக்கும். முதுகைப் பாருங்க, ஆணுக்குன்னு நீங்களே வெச்ச நீலப் பொட்டு. மாசமா இருக்கிறது உங்க மாப்பிள்ளை நண்டு!"

கணவன் பண்ணைத் தொட்டியில் இருந்த நண்டுகளையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒன்றில்கூட அந்தப் பை இல்லை.

மாமியார் மகன் பக்கம் திரும்பினார்.

"இனிமே பண்ணையில இவ வெச்சதுதான் சட்டம். நீ வாளியைத் தூக்கு!"