பதினோரு நாள் வைரஸ்

“ஆன்டிவைரஸை அழிச்சது யாருன்னு அவரையே கேளும்மா!”

வாசலில் நின்ற பெண் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “கம்ப்யூட்டர் விஷயமா உங்க பொண்ணு அனுப்பினாங்க” என்று அவள் சொன்னதுதான் தாமதம், வீட்டம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

சோபாவில் செய்தித்தாள் விரிந்திருந்தது. அதற்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“பரிசு விழுந்திருக்குன்னு வந்த மெயிலைத் திறந்தது யாருன்னு அவளையும் கேளும்மா.”

செய்தித்தாளைப் பிடித்திருந்தவர் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் என்று எது கண்ணில் பட்டாலும் அவருக்குக் கை பரபரக்கும். ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்கிறதென்று, ஒருநாள் மதியம் மனைவி தூங்கும்போது அந்த ஆன்டிவைரஸைத் தூக்கிக் கடாசிவிட்டார். மூன்றாம் நாள், வாரப் பத்திரிகைக்காக அவள் தயாரித்து வைத்திருந்த நாற்பது குறுக்கெழுத்துப் புதிர்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் குடும்பம் நடந்தது. ‘பால் இல்லை’ என்று அவள் எழுதுவாள். ‘சரி’ என்று இவர் அதன் கீழே எழுதுவார்.

பாலை வாங்கிவிடலாம். ஆனால் புதிதாக ஒரு புதிர் போட்டவுடன், “ஆறு எழுத்து, சொல்லுங்க பார்ப்போம்” என்று அவள் கேட்பதும், இவர் தாறுமாறாக எதையாவது சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரிப்பதும் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. அதை எந்தச் சீட்டில் எழுதி ஒட்டுவது?

வந்த பெண் ஒரு நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

“எத்தனை நாளா இப்படி?”

“பதினோரு நாளா” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“முன்னாடி இப்படி ஆனதுண்டா?”

“ஒரு தடவை. நாலு நாள்ல தானாவே சரியாயிடுச்சு” என்றார் அவர்.

“தானாவாம்! நான் பொறுத்துப் போனேன்னு சொல்லும்மா.”

அந்தப் பெண் தலையாட்டியபடி ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க. மூணு ஆன்டிவைரஸ் போட்டுடலாம். அம்மாவுக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணு, பொதுவா ஒண்ணு.”

செய்தித்தாள் சடாரென்று கீழே இறங்கியது.

“மூணா? ஒண்ணுக்கே அது மூச்சு வாங்குச்சு! ஒரே லிஃப்டுக்கு மூணு பேர் பிரேக் போட்டா, அது எந்த மாடிக்கும்மா போகும்?”

“அதானே!” வீட்டம்மாளும் கிளம்பிவிட்டாள். “மூணும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காதா? அவர் கேக்கறது நியாயம்தானே? என்னங்க, நீங்களே சொல்லுங்க!”

என்னங்க.

பதினோரு நாளாகக் காதில் விழாத சொல். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அந்தப் பெண்ணை விட்டுவிட்டு நேராக மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்றது சரிதான். கம்ப்யூட்டரோடயே வர்ற பாதுகாப்பு ஒண்ணு இருந்துச்சு. அதையாவது நான் விட்டு வெச்சிருக்கணும். வேகம் வேணும்னு அதையும் சேர்த்து அணைச்சுட்டேன். தப்பு என்மேலதான்.”

“நானும் அந்த மெயிலைத் திறந்திருக்கக் கூடாதுங்க. கார் விழுந்திருக்குன்னு போட்டிருந்தான்.”

“நமக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே!”

“கத்துக்கிட்டு உங்களை முன்னாடி உக்கார வெச்சு ஓட்டலாம்னு ஒரு ஆசை.”

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

“அப்ப ரெண்டு போட்டா போதுமா?”

“ஒண்ணும் போட வேண்டாம்!” என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

கம்ப்யூட்டரோடு வந்த பாதுகாப்பே போதும். அதை இனி யாரும் அணைக்கக் கூடாது. தெரியாத மெயிலை அவள் தொடக் கூடாது. தினமும் சாயங்காலம் புதிர்களை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைப்பது அவர் பொறுப்பு. அங்கேயே, அப்போதே முடிவாயிற்று. நடுவில் உட்கார்ந்திருந்தவளை இருவருமே மறந்துபோனார்கள். அவள் புன்னகையோடு எழுந்து, சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைச் சாத்தியதும் வீட்டம்மாள் பொருமினாள்.

“நம்ம பொண்ணு எங்கேருந்துதான் இவளைப் பிடிச்சாளோ! கம்ப்யூட்டர்ல அரிச்சுவடிகூடத் தெரியலையே!”

“தெரியறது இருக்கட்டும். அதை ஆன் பண்ணிக்கூடப் பார்க்கலையே!” என்றார் அவர். இப்படி ஒருவரைச் சேர்ந்து திட்டி எவ்வளவு நாளாயிற்று! மனசு இறகாக இருந்தது. “நீ உக்காரு, நான் டீ போடறேன்.”

அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தார். கையில் கருவிப் பெட்டியோடு ஓர் இளைஞன் நின்றிருந்தான்.

“கம்ப்யூட்டர் ரிப்பேர் சார். உங்க பொண்ணு அனுப்பினாங்க. அரைமணி நேரமாக் கீழேதான் காத்துக்கிட்டிருந்தேன்.”

“இப்பதானேப்பா ஒரு பொண்ணு வந்துட்டுப் போச்சு?”

“அவங்க என் மனைவி சார்” என்றான் அவன் சிரித்துக்கொண்டே. “குடும்ப நீதிமன்றத்துல சமரசம் பேசி வைக்கிற கவுன்சலரா இருக்காங்க. ‘முதல்ல அவங்க போய் எங்க அப்பா அம்மாவைச் சரி பண்ணட்டும், அப்புறமா நீங்க போய்க் கம்ப்யூட்டரைச் சரி பண்ணுங்க’ன்னு உங்க பொண்ணோட உத்தரவு!”