பதினேழாவது வில்லை

ஜப்பானின் நகோயாவில், விமான எஞ்சினின் உள்பாகங்கள் வெப்பம் தாங்கப் பூசும் பீங்கான் பூச்சைச் சோதிக்கும் கூடத்தில் இகுகோ வேலை பார்த்தாள். பூச்சு பூசியவர் அவள் கணவர் தொக்குஜி. மார்ச் மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் கடைசியாகப் பூசிய பதினேழு உலோக வில்லைகள் அவளிடம் சோதனைக்கு வந்தன.

வில்லைகளை உலையில் ஆயிரத்து நூறு டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிடுவார்கள், திரும்பத் திரும்ப. ஆறும்போது பூச்சு விரிசல் விட்டால் ஒலிமானியில் ‘டிக்’கென்று கேட்கும். எண்ணூறு முறைக்குள் பதினாறும் விரிசல் விட்டன. பதினேழாவது மட்டும் மூவாயிரம் தாண்டியும் சத்தம் காட்டவில்லை. விரிசல் இருந்தால் கோடாகக் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை.

“மானி கெட்டுப்போச்சோ?” என்றார் கூட வேலை பார்த்த ஒனோதா.

“மூணு தடவை மாத்திட்டேன்.”

“அப்ப உங்க வீட்டுக்காரர் பிடிவாதம்தான். வேலை முடியாம சோத்துக்குக்கூட வரமாட்டாரே மனுஷன்!”

இகுகோ சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

“இகுகோ சான்,” என்றார் ஒனோதா, “நம்ம வழக்கப்படி நாப்பத்தொம்பதாம் நாளே அஸ்திய கல்லறையில வச்சிருக்கணும். நவம்பர் வந்தாச்சு, இன்னும் வீட்டுலயே வச்சிருக்கீங்க. அவர அனுப்பிடுங்க.”

அன்று மதியம், பதினேழாவது வில்லை சூடேறிக்கொண்டிருந்த உலைக்கு முன் நின்று மெதுவாகச் சொன்னாள். “போதும்ங்க. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க.”

உலை ஆறத் தொடங்கவே இல்லை. ஆனாலும் மானியில் ஒரே ஒரு ‘டிக்’ கேட்டது.

மாலையில் திறந்தாள். பூச்சு நொறுங்காமல் முழுசாகக் கழன்று வெள்ளைச் சில்லாகக் கிடந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

நான்கு நாள் கழித்து அஸ்தியோடு அதையும் கல்லறைக்குள் வைத்தாள். முடிச்சு அப்போதும் இளஞ்சூடாக இருந்தது.